மோட்டார் எரியாமலிருக்க இரண்டு முள் சொல்லும் கணக்கு



பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போகிற பெரிய சாலையில் இருக்கிறது சிறுவாச்சூர். அந்த ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே விவசாயம் என்றால் மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும். தண்ணீர் உள்ளவர்களுக்குச் சின்ன வெங்காயம். அந்தத் தண்ணீர் கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் வரவேண்டும். அதை மேலே கொண்டுவருவது மோட்டார். வெங்காயம் காய் பிடிக்கிற சமயத்தில் மோட்டார் எரிந்து நாலைந்து நாள் தண்ணீர் நின்றுவிட்டால், அந்தப் போகத்தின் கதி என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீலகிரியில் பைகாரா மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கவலை இறைப்பு போய், பம்புசெட் வந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாகக் கிடைத்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கரண்டுக்குத்தான் காசில்லை, காயில் கட்டுவதற்குக் காசு உண்டு. போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்குவதற்குக் கூலி உண்டு. அந்தச் செலவு முழுவதும் விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

இந்தச் செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஸ்டார்ட்டர் பலகையில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்றில் வோல்ட், இன்னொன்றில் ஆம்பியர். சில கொட்டகையில் வோல்ட் மீட்டர் மட்டும் இருக்கும். சில இடத்தில் முள் அசையாமல் கிடக்கும். அந்த இரண்டு முள்ளும் என்ன சொல்கின்றன, அதை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வோல்ட், ஆம்பியர், ஓம்

மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வருவதை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீரைத் தள்ளும். அந்தத் தள்ளுகிற வேகம்தான் வோல்ட். புத்தகத்தில் மின்னழுத்தம் என்று எழுதுவார்கள். குழாயில் நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அதைப் போன்றது ஆம்பியர், அதாவது மின்னோட்டம். குழாய் குறுகலாக இருந்தாலும், நீளமாக இருந்தாலும், உள்ளே பாசி பிடித்திருந்தாலும் தண்ணீர் தடைபடும் இல்லையா? மின்சாரத்தில் அந்தத் தடைக்கு ஓம் என்று அளவு. ஜெர்மனியைச் சேர்ந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர், 1827-ல் இந்த மூன்றுக்கும் உள்ள கணக்கை எழுதி வைத்தார். அதனால் அவர் பெயரே அளவுக்கு வந்தது.

கணக்கு இதுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். ஆம்பியரையும் ஓமையும் பெருக்கினால் வோல்ட். மூன்றில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவது கிடைத்துவிடும்.

வீட்டில் வெந்நீர் போடுகிற ஹீட்டர் கம்பியை எடுத்துக் கொள்வோம். 230 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46. அந்தக் கம்பியின் மின்தடை 46 ஓம். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் எர்த் பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும்.

வாட் என்றால் என்ன?

கவலை இறைத்த காலத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். மாட்டுக்கு எவ்வளவு பாரம் என்பதை இரண்டு விஷயம் தீர்மானிக்கும். கிணறு எவ்வளவு ஆழம், நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர். ஆழம் கூடினாலும் மாடு சிரமப்படும். தண்ணீர் கூடினாலும் சிரமப்படும். இரண்டையும் பெருக்கினால்தான் வேலையின் அளவு தெரியும். மின்சாரத்திலும் அதே முறைதான். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். அதுதான் மின்திறன்.

நம்முடைய ஹீட்டருக்கு 230-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,150 வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எனவே இந்த ஹீட்டர் மணிக்கு 1.15 யூனிட் சாப்பிடும்.

மோட்டாருக்குக் குதிரைத் திறன், அதாவது ஹெச்.பி. என்று சொல்கிறோம். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். 5 ஹெச்.பி. மோட்டார் என்றால் அதன் தண்டில் கிடைப்பது 3,730 வாட். அதனால்தான் பெயர்த் தகட்டில் 3.7 கிலோவாட் என்று பொறித்திருப்பார்கள். தண்டில் அவ்வளவு கிடைக்க வேண்டுமானால் கம்பி வழியே அதைவிட அதிகமாக உள்ளே போக வேண்டும். காயில் சூடு, பேரிங் உராய்வு என்று வழியில் கொஞ்சம் வீணாகும் அல்லவா?

மூன்று பேஸ் மோட்டாருக்கு வாட் கணக்கில் இரண்டு எண் கூடுதலாகச் சேரும். மூன்று பேஸ் என்பதற்காக 1.732-ஆல் பெருக்க வேண்டும். பிறகு பவர் பாக்டர் என்று ஒன்று. நல்ல நிலையில் உள்ள மோட்டாருக்குத் தோராயமாக 0.8 என்று வைத்துக் கொள்ளலாம். 415 வோல்ட், 8 ஆம்பியர் என்றால் 415 பெருக்கல் 8 பெருக்கல் 1.732 பெருக்கல் 0.8. விடை ஏறக்குறைய 4,600 வாட். 5 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 4.6 யூனிட், ஐந்து மணி நேரம் ஓடினால் 23 யூனிட்.

இவ்வளவு பெருக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு ஒயர்மேன்கள் ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறார்கள். 415 வோல்ட் மோட்டாருக்கு, ஒரு ஹெச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர். 3 ஹெச்.பி.க்கு நாலரை, 5 ஹெச்.பி.க்கு ஏழரை, ஏழரை ஹெச்.பி.க்குப் பதினொன்றேகால். நீர்மூழ்கி மோட்டார் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். சரியான அளவு மோட்டாரின் பெயர்த் தகட்டில் இருக்கும். அந்த எண்தான் உங்களுக்கு எல்லைக்கல்.

கரண்டு குறைந்தால் மோட்டார் ஏன் எரிகிறது?

"கரண்டு கம்மியாத்தானுங்க வருது. கம்மியா வந்தா எப்படி எரியும்? கூட வந்தாத்தானே எரியணும்?" இந்தக் கேள்வியை விவசாயிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் பாதி மோட்டார்களைக் காப்பாற்றிவிடலாம்.

முதலில் ஹீட்டரைப் பார்ப்போம். வோல்ட் 230-லிருந்து 184-க்கு இறங்கிவிட்டது. ஹீட்டரின் தடை அதே 46 ஓம்தான். 184-ஐ 46-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். 184 பெருக்கல் 4 என்றால் 736 வாட். வோல்ட் குறைந்தது, ஆம்பியர் குறைந்தது, சூடும் குறைந்தது. வெந்நீர் காயத் தாமதமாகும். ஹீட்டருக்கு ஒரு கெடுதலும் இல்லை. குண்டு பல்பு மங்கலாக எரிவதும் இதனால்தான்.

மோட்டார் அப்படி இல்லை. அதன் தலையில் ஒரு வேலை கட்டியிருக்கிறது. 150 அடி ஆழத்துத் தண்ணீரை மேலே தள்ளியாக வேண்டும். வோல்ட் குறைந்தாலும் தண்ணீரின் பாரம் குறைவதில்லை. அதே வேலையைச் செய்ய அதே 4,600 வாட் அதற்கு ஏறக்குறைய வேண்டும். வோல்ட் குறைந்தால், அந்தக் குறையை ஆம்பியரைக் கூட்டித்தான் சரிக்கட்டும். ஒரு மாடு இளைத்துவிட்டால் இன்னொரு மாடு சேர்த்து இழுக்கிற மாதிரி.

415 வோல்ட்டில் 8 ஆம்பியர் எடுத்த மோட்டார், 330 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். "எட்டுக்குப் பத்து, இரண்டுதானே கூடுதல்" என்று தோன்றும். ஆனால் காயிலில் ஏறுகிற சூடு ஆம்பியரைப் போல் ஏறாது. ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, அதைக் காயிலின் ஓமால் பெருக்கினால் வருவதுதான் சூடு. இதை ஜூல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1841-ல் கண்டு சொன்னார். எட்டெட்டு அறுபத்து நாலு. பத்துப் பத்து நூறு. ஆம்பியர் கால் பங்கு கூடினால் சூடு பாதிக்கு மேல் கூடிவிட்டது. காயில் மேல் பூசியிருக்கிற வார்னிஷ் இந்தச் சூட்டில் மெல்ல மெல்லக் கருகும். ஒரே நாளில் எரியாவிட்டாலும், இரண்டு மூன்று போகத்தில் ஒரு நாள் புகை வரும்.

ஒரு பேஸ் போய்விட்டால் இன்னும் மோசம். டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போனது தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், மீதி இரண்டு கம்பியிலும் 8 ஆம்பியர் இருந்த இடத்தில் சுமார் 14 ஆம்பியர் ஓடும். பதினாலு பதினாலு 196. அறுபத்து நாலுக்கு மூன்று மடங்கு. இதில் காயில் நிமிஷக் கணக்கில்தான் தாங்கும். அதனால்தான் ஒரு பேஸ் போனதும் தானாக நிறுத்திவிடுகிற பிரிவென்டரை ஸ்டார்ட்டரோடு வைக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. ஓடுகிற மோட்டாருக்கு 415-ஐ 8-ஆல் வகுத்து, காயிலின் தடை 52 ஓம் என்று எழுதிவிடாதீர்கள். காயிலின் சொந்தத் தடை சில ஓம்கள்தான். மோட்டார் சுற்றும்போது உள்ளே ஓர் எதிர் அழுத்தம் உண்டாகி ஆம்பியரைக் கட்டுப்படுத்துகிறது. சுற்றாமல் நின்றால் அந்த எதிர் அழுத்தம் இல்லை. ஆகவே சுவிட்சு போட்ட நொடியில் ஐந்து ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். முள் சட்டென்று ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மணல் சிக்கியோ பேரிங் இறுகியோ மோட்டார் சுற்றாமல் உறுமினால், அந்த ஐந்து ஆறு மடங்கும் அப்படியே நிற்கும். உடனே நிறுத்தி விடுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று திரும்பத் திரும்பப் போடக் கூடாது.

ஒயரிலும் போகிறது வோல்ட்

டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற வோல்ட் சரியாக இருந்தும் மோட்டாருக்குக் குறைவாகப் போய்ச் சேரலாம். காரணம் ஒயர். கொட்டகையிலிருந்து கிணறு 200 மீட்டர், உள்ளே 100 மீட்டர் ஆழத்தில் மோட்டார் என்றால் 300 மீட்டர் ஒயர். கடையில் 2.5 எம்.எம். என்று கேட்டு வாங்குகிற செம்பு ஒயருக்கு ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் தடை. முந்நூறு மீட்டருக்கு 2.2 ஓம். அதில் 8 ஆம்பியர் ஓடினால் எட்டை 2.2-ஆல் பெருக்க வேண்டும். ஒரு கம்பியில் மட்டும் 17.6 வோல்ட் போய்விடும். மூன்று பேஸ் கணக்கில் மோட்டார் முனையில் 25-லிருந்து 30 வோல்ட் வரை குறையும். சூடாக வீணாவது ஒரு கம்பிக்கு 17.6 பெருக்கல் 8, சுமார் 140 வாட். மூன்று கம்பிக்கும் சேர்த்து 420 வாட்.

அதே இடத்தில் 6 எம்.எம். செம்பு ஒயர் போட்டால் தடை ஒரு ஓமுக்கும் கீழே வந்துவிடும். மூன்று கம்பிக்கும் சேர்த்து வீணாவது 180 வாட்டுக்குள் அடங்கும். அலுமினியம் என்றால் அதே பருமனில் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஆகவே ஒரு படி தடிமனாகப் போட வேண்டும். ஒயர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், தூரத்தையும் ஆம்பியரையும் சொல்லி வாங்குங்கள்.

இணைப்புகளையும் கவனியுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு துருவேறினால் அந்த ஒரு விரற்கடை இடத்திலேயே ஒரு ஓம் தடை வந்துவிடலாம். எட்டெட்டு அறுபத்து நாலு வாட் அந்தச் சின்ன இடத்தில் சூடாகும். ஒயர் கருகி நாற்றம் வருவது இப்படித்தான்.

எர்த் எதற்கு?

இதுவரை மோட்டாரைப் பற்றிப் பேசினோம். இனி உயிரைப் பற்றி.

மோட்டாருக்குள் ஒயர் உரிந்து உடம்பில், அதாவது இரும்புக் கூட்டில் பட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் குழி நல்ல நிலையில் இருந்து, மொத்தத் தடை 2 ஓம் என்றால், 230-ஐ 2-ஆல் வகுக்க 115 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் அந்த நொடியே போய்விடும். மோட்டார் நிற்கும். யாருக்கும் ஆபத்தில்லை.

கோடையில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும்போது எர்த் குழி காய்ந்துவிடுகிறது. கம்பியும் துருப்பிடித்திருக்கிறது. தடை 46 ஓம் என்று ஆகிவிட்டது. இப்போது 230-ஐ 46-ஆல் வகுத்துப் பாருங்கள். 5 ஆம்பியர். நம் வெந்நீர் ஹீட்டர் எடுத்த அளவுதான்! பியூஸ் அசையாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டில் கரண்டு நிற்கும். ஈரக் காலோடு வந்து தொடுகிறவர் கதி என்ன?

நனைந்த உடம்பின் தடையைச் சுமார் ஆயிரம் ஓம் என்று கணக்கில் எடுப்பார்கள். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஆம்பியர் மீட்டரில் முள்கூட அசையாத அளவு. ஆனால் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் நெஞ்சு வழியே போனாலே இதயத் துடிப்பு நிலைகுலைந்து உயிர் போகலாம். உலர்ந்த தோலுக்குத் தடை பல மடங்கு அதிகம். அதனால்தான் ஒரு தடவை தொட்டு "லேசாத்தான் அடிச்சுது" என்று தப்பியவர், இன்னொரு தடவை தண்ணீர் கட்டிய ஈரத்தோடு தொட்டுத் தப்பாமல் போகிறார். கரண்டு அதேதான், மாறியது உடம்பின் ஓம்.

ஆகவே எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் ஒரு முறையாவது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பியூஸ் கட்டையில் சரியான பியூஸ் கம்பியைத்தான் கட்ட வேண்டும். கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டினால் பியூஸ் போகாது, உண்மைதான். அதற்குப் பதிலாக மோட்டார் போகும், சில சமயம் ஆள் போவார். வீட்டுக்கும் கொட்டகை விளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடுகிற கருவி கடைகளில் கிடைக்கிறது. அதை ஒயர்மேனை வைத்துப் பொருத்திக் கொள்ளுங்கள்.

காட்டுப் பன்றிக்குப் பயந்து மக்காச்சோளக் கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டி, லைன் கரண்டை நேராகக் கொடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். பன்றிக்கும் மனிதனுக்கும் அந்தக் கம்பி வித்தியாசம் பார்ப்பதில்லை. 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. யானைக்கே அந்தக் கதி என்றால், இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதன் எம்மாத்திரம்? சட்டப்படியும் அது குற்றம். முறைப்படி அனுமதி பெற்று அமைக்கிற சூரிய சக்தி வேலியில் கரண்டு ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் விட்டு விட்டு வரும். அடிக்கும், ஆனால் பிடித்து நிறுத்தாது. இரண்டும் ஒன்றல்ல.

போட்ட வாட்டுக்குத் தண்ணீர் வருகிறதா?

கடைசியாக ஒரு சோதனை. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 50 நொடி என்றால் நொடிக்கு 4 லிட்டர். தண்ணீர் மட்டம் 150 அடியில், அதாவது 45 மீட்டரில் இருக்கிறது. நாலையும் 45-ஐயும் பெருக்கி, அதை 9.8-ஆல் பெருக்கினால் 1,764 வாட். தண்ணீரைத் தூக்கப் பயன்பட்டது இவ்வளவுதான். உள்ளே போனது 4,600 வாட். நூற்றுக்கு 38 பங்கு தண்ணீராக வருகிறது. மீதி காயில் சூட்டிலும், பம்பிலும், குழாய் உராய்விலும், ஒயரிலும் போகிறது.

போன வருஷம் அதே பீப்பாய் 40 நொடியில் நிறைந்தது, வோல்ட்டும் ஆம்பியரும் தண்ணீர் மட்டமும் அதேதான், இப்போது 50 நொடி ஆகிறது என்றால், கோளாறு கரண்டில் இல்லை. பம்பின் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது குழாயில் ஓட்டை விழுந்திருக்கும். ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைந்து, தண்ணீரும் குறைந்தால் கிணற்றில் நீர் மட்டம் இறங்கிக் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் கெட்டுவிடும், நிறுத்திவிடுங்கள். வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் மட்டும் ஏறினால் மோட்டாரிலோ பம்பிலோ இறுக்கம். வோல்ட் இறங்கி ஆம்பியர் ஏறினால் லைனில் கோளாறு. இப்படி இரண்டு முள்ளையும் சேர்த்துப் பார்த்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு முள்ளை மட்டும் பார்த்தால் தெரியாது.

செய்ய வேண்டியவை

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மோட்டார் பெயர்த் தகட்டில் உள்ள வோல்ட், ஆம்பியர், ஹெச்.பி. மூன்றையும் கொட்டகைச் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள். போர்வெல்லில் இறங்கிய மோட்டாரின் தகட்டைப் பிறகு பார்க்க முடியாது.

இரண்டாவது, வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் வேலை செய்கின்றனவா என்று சரிபாருங்கள். ஒயர்மேன் வரும்போது டாங் டெஸ்டரால் மூன்று கம்பியிலும் தனித்தனியாக ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி, லைனைத் துண்டித்த பிறகு காயிலின் ஓமையும் அளக்கச் சொல்லுங்கள். மூன்று ஜோடி முனைகளும் ஒரே அளவு காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் வித்தியாசப்பட்டால் அந்தக் காயிலில் கோளாறு. பெட்டியைத் திறந்து நீங்களே அளக்க வேண்டாம். முள்ளைப் படிப்பதும் கணக்குப் போடுவதும் உங்கள் வேலை, கம்பியைத் தொடுவது ஒயர்மேன் வேலை.

மூன்றாவது, ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்ப வைக்கச் சொல்லுங்கள். "அடிக்கடி விழுகிறது" என்று ரிலேயைக் கட்டி வைப்பது, திருடன் வந்தால் குரைக்கிற நாயின் வாயைக் கட்டுவதைப் போன்றது.

நாலாவது, ஓடும்போது ஆம்பியர் முள் தகட்டில் உள்ள அளவைத் தாண்டி நின்றால், தண்ணீர் பாதியில் இருந்தாலும் மோட்டாரை நிறுத்துங்கள். விதிப்படி நமக்கு வருகிற கரண்டு சொன்ன வோல்ட்டுக்கு ஆறு சதவிகிதம் கூடலாம், குறையலாம். 415 என்றால் 390-க்குக் கீழே போகக் கூடாது. தொடர்ந்து குறைந்தால், என்ன தேதி, என்ன நேரம், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதி மின் வாரிய அலுவலகத்தில் கொடுங்கள். அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. "கரண்டு சரியில்லை" என்று வாயால் சொல்வதைவிட எண்ணோடு எழுதிக் கொடுக்கிற மனுவுக்குப் பலம் அதிகம்.

ஐந்தாவது, ஒரு நோட்டுப் போடுங்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கிற திங்களும் வெள்ளியும் இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காத நாட்கள். அந்த இரண்டு நாளும் மோட்டார் ஓடும்போது இரண்டு முள்ளையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் வாட் கணக்கை அதுவே போட்டுக் கொடுக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஓம் விதி நம் கிணற்றடியில் வேலை செய்கிறது என்று அதுவும் தெரிந்து கொள்ளட்டும். இரண்டு மாதம் எழுதினால் உங்கள் மோட்டாரின் வழக்கமான அளவு என்ன என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும். ஒரு நாள் அது மாறினால், புகை வருவதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும்.